மிளகுக் கொடியில் மஞ்சள் திட்டு

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, உக்குவெலைப் பக்கம் கிளிரிசிடியா மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளைக் கூர்ந்து பாருங்கள். நல்ல கொடியின் இலை கரும்பச்சையாக அகன்றிருக்கும். சில கொடிகளில் மட்டும் தளிரிலைகள் சிறுத்து, நெளிந்து, மஞ்சள் திட்டுகளோடு வரும். கணுக்கள் நெருங்கும், கதிர் குட்டையாகி, மணிகள் இடைவிட்டுப் பிடிக்கும்.

பசளை போதவில்லை என்று யூரியா போடுபவர்கள் பலர். நைதரசன் குறைந்தால் முதலில் முதிர்ந்த இலைதான் சீராக வெளிறும். இளம் இலையில் ஒழுங்கற்ற திட்டு என்றால் வைரசைச் சந்தேகியுங்கள். இலங்கை மிளகில் இரண்டு வைரஸ்கள் கண்டறியப்பட்டுள்ளன. மிளகு மஞ்சள் திட்டு வைரசை வெண்மூட்டுப்பூச்சி பரப்புகிறது. வெள்ளரித் தேமல் வைரசை அழுக்கணவன் பரப்புகிறது.

கலத்துக்குள் நுழைந்த வைரஸ், அக்கலம் புரதம் செய்யும் ஏற்பாட்டையே தன் பிரதிகளைச் செய்ய ஏவிவிடுகிறது. தேமல் விழுந்த இடங்களில் பச்சையவுருமணிகள் உருக்குலைகின்றன, பச்சையம் குறைகிறது, ஒளித்தொகுப்பு தளர்கிறது. பல வைரஸ் நோய்களில் இலை செய்த சீனிச்சத்தும் உரியத்தின் வழியே வேருக்கும் கதிருக்கும் போகாமல் இலையிலேயே தேங்கும். தேக்கம் கூடினால் ஒளித்தொகுப்பு இன்னும் மந்தமாகும். இலையில் உணவு கிடக்க, கொடி பட்டினி கிடக்கிறது.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. வெள்ளரித் தேமல் வைரசின் சில வகைகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டும் வரும். அது வந்தால் இலை மஞ்சளாகும். புகையிலையில் அதை ஆராய்ந்தவர்கள் 2011இல் காரணத்தைக் கண்டார்கள். அத்துண்டின் 22 எழுத்துப் பகுதி, பச்சையம் செய்ய வேண்டிய ஒரு மரபணுவின் செய்தியோடு பொருந்துகிறது. வைரசை நறுக்கத் தாவரம் வைத்திருக்கும் தற்காப்பு, அந்தப் பொருத்தத்தால் தன் சொந்தச் செய்தியையும் நறுக்கிவிடுகிறது, இலை மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் அழுக்கணவனைக் கவர்கிறது. அவற்றுக்குச் சிறகு முளைப்பதையும் அதே துண்டு தூண்டுகிறது என்று 2021இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. நோய் அடுத்த செடிக்குப் பறப்பதற்கு வாகனமும் தயார்.

ஆனாலும் மிளகில் நோயைத் தூரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பூச்சியல்ல, நம் கைதான். மிளகைத் தண்டுத்துண்டு வெட்டியே நடுகிறோம். தாய்க்கொடியில் வைரஸ் இருந்தால் துண்டிலும் இருக்கும். நோய் பிடித்த கொடியைக் குணமாக்க மருந்து கிடையாது. அறிகுறியே காட்டாத கொடியும் வைரசைச் சுமக்கலாம். அதனால் அயலில் கிடைத்த துண்டை அப்படியே நடாதீர்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. அங்கே கேட்டு, நம்பகமான நாற்றை வாங்குங்கள். நோய்ப்பட்ட கொடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த கொடியில் வைக்காதீர்கள்.