உடம்போடு ஒட்டிய மருத்துவம்

மருத்துவ அணிகருவி என்பது உடம்பிலேயே தங்கி நாடித்துடிப்பு, சர்க்கரை, ஆக்சிஜன், வெப்பம் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ மணிக்கணக்காக, நாள்கணக்காக அளந்துகொண்டிருக்கும் கருவி. மணிக்கட்டில் கடிகாரமாக, விரலில் மோதிரமாக, புயத்தில் வில்லையாக, மார்பில் பட்டையாக அது வருகிறது. மருத்துவமனையில் எடுக்கும் அளவு அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன நடந்தது என்பதை அணிகருவி சொல்கிறது. பெருநகர நோயாளியைவிட, மாதம் ஒருமுறை பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் நோயாளிக்கே அந்தத் தகவல் அதிகம் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியைக் குறைக்கக் கருவியைவிட ஆளை நம்பும் ஏற்பாடு ஒன்று நடப்பில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி. கருவியும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறார்கள். மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. அணிகருவிகள் இந்த வேலையைப் பறித்துக்கொள்ளும் என்று நினைப்பதற்கு இடமில்லை. தன்னார்வலர் வராத நாள்களிலும் இரவுகளிலும் நடப்பதை அறியத்தான் அவை உதவும்.

தொடர் கண்காணிப்பின் தொடக்கம் இதயத்தில் இருந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஹெலினா நகரைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் 1940-களில் உருவாக்கிய முதல் நடமாடும் ஈ.சி.ஜி. கருவியின் எடை சுமார் 38 கிலோ. அதை முதுகில் சுமந்துதான் நடக்க வேண்டும். இன்று ‘ஹோல்டர்’ என்றே அவர் பெயரால் அழைக்கப்படும் கருவி சட்டைக்குள் அடங்கிவிடுகிறது. படபடப்பு, மயக்கம் என்று வருபவருக்கு 24 அல்லது 48 மணி நேரம் அதை மாட்டி அனுப்புவது மாவட்ட அளவிலும் நடக்கிற வேலைதான்.

ஆனால் இந்தியாவில் அணிகருவியை அதிகம் கோருவது சர்க்கரை நோய். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்–இந்தியாப் (ICMR–INDIAB) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இவர்களுக்கான கருவி, புயத்தின் பின்புறம் ஒட்டும் சிறு வில்லை. அதன் அடியிலுள்ள மெல்லிய இழை சுமார் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோலுக்குள் இறங்கியிருக்கும். அது ரத்தத்தைத் தொடுவதில்லை. செல்களுக்கு இடையிலுள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸ், இழையில் பூசிய நொதியோடு வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அதை அளந்துதான் சர்க்கரை கணக்கிடப்படுகிறது. ரத்தத்திலிருந்து அந்த நீருக்குச் சர்க்கரை வந்து சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், சர்க்கரை விறுவிறுவென இறங்கும்போது கருவி சற்றுப் பின்தங்கியே காட்டும். வியர்த்துக் கை நடுங்குகிறது, திரையில் எண் சரியாக இருக்கிறது என்றால், நம்ப வேண்டியது நடுக்கத்தை. விரலில் குத்திப் பார்ப்பதை இந்த வில்லை முற்றிலும் ஒழித்துவிடவில்லை.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை மறைப்பதை இந்த வில்லை வெளிக்கொண்டுவருகிறது. இரண்டு பேருக்கும் சராசரி 7 விழுக்காடு என்றே வரலாம். ஒருவருக்கு நாள் முழுவதும் சீராக இருக்கும். மற்றவருக்குக் காலை இட்லிக்குப் பின் சர்க்கரை 250 மி.கி./டெ.லி.யைத் தாண்டி, விடியற்காலை மூன்று மணிக்கு 60க்குக் கீழே விழும். இரண்டாமவர் இன்சுலின் போடுபவராக, தனியாகப் படுப்பவராக இருந்தால் அந்த விழுதல் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் சராசரியோடு இன்னொரு இலக்கையும் வைத்தார்கள்: பெரும்பாலான நோயாளிகளுக்குச் சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் நிற்கும் நேரம் நாளில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் காலாவதியாகும் ஒரு வில்லைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. கூலி வேலை செய்பவர் வருடம் முழுக்க மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மாத்திரையிலேயே கட்டுப்பாடாக இருப்பவருக்கு அதற்குத் தேவையும் இல்லை. எனவே மருந்து மாற்றும் நேரத்தில் ஒருமுறை 14 நாள் ஒட்டி, வரைபடத்தை நோயாளியோடு உட்கார்ந்து பார்ப்பது என்ற சிக்கனமான வழி இங்கே வழக்கமானது. சாப்பிட்ட பொங்கல் கோட்டை எப்படித் தூக்கியது, சாப்பாட்டுக்குப் பின் நடந்த நடை அதை எப்படி இறக்கியது என்று கண்ணால் கண்டவருக்கு அறிவுரை அதிகம் தேவைப்படாது. சித்திரை வெயிலில் வயல்வேலை செய்பவரின் வியர்வையில் வில்லை பாதியிலேயே பிரிந்து விழுவது மட்டும் விளம்பரங்களில் வராத சங்கதி.

வீட்டுக்குள் நுழைந்த இன்னொரு கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் கண்டறிந்த முறை இது: சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அவற்றை உறிஞ்சும் வேறுபாட்டைக் கணக்கிடுவது. 2021 கொரோனா இரண்டாம் அலையில், 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்ற கணக்கு தெருவெல்லாம் மனப்பாடம் ஆனது. அதே ஒளித் தத்துவத்தில்தான் கடிகாரங்களும் மோதிரங்களும் ஆக்சிஜனை அளக்கின்றன.

இதில் தோலின் நிறம் குறுக்கே வருகிறது. 2020 டிசம்பரில் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு அளவீடுகளில், கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. கருவிகளைப் பெரும்பாலும் வெளிர் தோலில் வைத்துச் சரிபார்த்ததன் விளைவு இது. கருந்தோல் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் இதை அயல்நாட்டுச் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு தனி எண்ணைவிட, அதே விரலில் அதே கருவி காட்டும் ஏற்ற இறக்கத்தை நம்புவது பாதுகாப்பு.

ஸ்மார்ட் வாட்ச்சுகளின் கதை வேறு. 4,19,297 பேர் சேர்ந்த ஆப்பிள் இதய ஆய்வு 2019இல் வெளியானது. ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காடுதான். அவர்களில் பின்னர் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு பதிவானது. அது விட்டுவிட்டு வரும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஒரு மருத்துவர் நேரம் ஒதுக்க வேண்டும். இதய நிபுணர் ஓரிருவரே உள்ள மாவட்டத்தில் அந்த நேரம் நெஞ்சுவலியோடு வந்தவரிடமிருந்து எடுக்கப்படும்.

ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் கடிகாரம் என்று இணையக் கடைகளில் விற்பது அப்பட்டமான ஏமாற்று. அப்படித் தானாக அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போடுவது உயிரோடு விளையாடுவது.

அளவு எடுத்தபின் அது யாரிடம் போகிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. அணிகருவி சார்ந்தது அல்ல என்றாலும், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸ்டெமி இந்தியா அமைப்பின் பணி இதற்கு நல்ல சான்று. மாரடைப்பு நோயாளியின் ஈ.சி.ஜி.யைச் சிறு மருத்துவமனையிலிருந்தே பெரிய மருத்துவமனை நிபுணருக்கு அனுப்பி, ஆம்புலன்ஸ் வழியையும் சிகிச்சையையும் உடனே முடிவு செய்யும் வலையமைப்பு அது. தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. ஈ.சி.ஜி. அதே பழைய ஈ.சி.ஜி.தான். அதை எதிர்பார்த்து மறுமுனையில் ஒருவர் இருந்தார் என்பதே புதிது.

மறுமுனையே தேவைப்படாத கருவியும் உண்டு. பெங்களூரு பெம்பு நிறுவனம் உருவாக்கிய பச்சிளங்குழந்தைக் கைப்பட்டை அந்த வகை. 2.5 கிலோவுக்குக் குறைவான எடையோடு பிறக்கும் குழந்தை உடல்சூட்டைத் தக்கவைக்கத் திணறும். குளிர்ந்தால் பால் குடிக்காது, எடை ஏறாது, தொற்றும் எளிதில் பற்றும். சூடு சரியாக இருக்கும்வரை பட்டையில் நீல விளக்கு மினுக்கும், 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆரஞ்சு விளக்கு எரிந்து ஒலி எழும். தாய் குழந்தையை மார்போடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு தந்தால் போதும். செல்போன் வேண்டாம், இணையம் வேண்டாம், எண் படிக்கத் தெரிய வேண்டாம். சிற்றூர்களுக்காகக் கருவி செய்பவர்கள் பெரும்பாலும் செயலியில் தொடங்குகிறார்கள். இந்தப் பட்டை தாயிடமிருந்து தொடங்கியது.

சட்டம் மெதுவாக வந்து சேர்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் இந்தியாவில் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பி.பி. கருவி உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 விழுக்காடு உச்சவரம்பு வைக்கப்பட்டது. உடம்பிலிருந்து திரட்டும் தகவல் நிறுவனங்களின் சர்வர்களில் குவிவதைப் பற்றிப் பேசுவது 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எதற்காகத் தகவல் எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பையும் சம்மதக் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது அது. தமிழும் அந்த அட்டவணையில் இருப்பதால், வில்லையை ஒட்டிக்கொள்பவர் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தும் முன் அந்த வாசகத்தைத் தமிழில் கேட்டுப் பெற இந்தச் சட்டம் வகை செய்கிறது.