இரவல் நூலும் மின்னூலும்



உக்குவளையில் ஒரு பாடசாலையின் அதிபராகிய என்னிடம், சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவர் மின்னூல் வாசிக்கும் கருவியொன்றை அன்பளிப்பாகத் தந்தார். கொப்பியளவே உள்ள அப்பலகையினுள் நாற்பது தமிழ் நூல்கள் இருந்தன. மகிழ்ச்சியோடு அதனைப் பத்தாந் தர மாணவி ஒருத்திக்கு இரவலாகக் கொடுத்தேன். மறுநாள் வேறு இருவர் வந்து கேட்டபொழுதுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. நாற்பது நூல்களும் ஒரே வீட்டுக்குப் போய்விட்டன! அவை அச்சு நூல்களாயிருப்பின், அன்றிரவு நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வாசித்திருப்பர்.

கருவியை வைத்துக்கொண்டு நூலை மட்டும் இன்னொருவரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அனுப்புவது எளிது, அனுப்ப உரிமை உண்டா என்பதே வினா.

கடையில் அச்சு நூலொன்றை வாங்குகின்றோம். அதில் எழுதப்பட்டதன் பதிப்புரிமை ஆசிரியருக்கோ பதிப்பாளருக்கோ உரியது. ஆயினும் அந்த ஒரு பிரதி நம்முடையது. அதனை நண்பருக்குக் கொடுக்கலாம். பழம் புத்தகக் கடையில் விற்கவும் செய்யலாம். விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த இயலாதென 1908 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னூலில் நிலைமை வேறு. பெரும்பாலான கடைகள் நமக்குத் தருவது நூலையன்று, வாசிக்கும் அனுமதியையே. அமேசன் நிறுவனத்தார் தம் கிண்டில் கருவியில், பதிப்பாளர் இசைந்த நூலை மட்டும், ஒரே ஒரு தடவை, பதினான்கு நாளுக்கு இரவல் கொடுக்க இடமளித்திருந்தனர். அவ்வசதியும் 2022 இல் நின்றுபோயிற்று. 2009 இல், உரிமையற்ற ஒருவர் விற்ற பிரதிகள் என்பதற்காக, ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அந்நிறுவனம் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பியளித்ததும் பின்னர் மன்னிப்புக் கோரியதும் உண்மையே. ஆனால், விற்ற நூலை நம் அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லும் கடைக்காரரை எவரேனும் கண்டதுண்டா?

பதிப்பாளர் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. அச்சு நூலைக் கொடுத்தால் அது நம் கையை விட்டு நீங்கும். மின்னூலைக் கொடுப்பது என்றால் இன்னொரு பிரதி எடுப்பதே. நம்முடையது நம்மிடமே இருக்கும். இவ்வகையில் அது பழைய ஓலைச்சுவடிக்கு உறவு. நம் முன்னோர் ஏட்டை இரவல் வாங்கிப் பிரதி எழுதிக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தனர். அன்று அது திருட்டெனப்படவில்லை. அவ்வாறு எழுதியதாலன்றோ பல நூல்கள் எஞ்சின!

பிரதி பெருகுவதன் நன்மையை ஈழத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 1998 இல் தோன்றிய மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் பழந்தமிழ் நூல்களையும் ஈழத்து ஏடுகளையும் எவரும் விலையின்றி வாசிக்க வைத்துள்ளன. இத்தகைய நூலை நூறு பேருக்குக் கொடுத்தாலும் எவரும் தடுப்பதில்லை, கொடுத்தவருக்குக் குறைவதுமில்லை. நான் கொடுத்த அச்சு நூல்கள் எத்தனையோ இன்னும் திரும்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீரைச் சுரங்கவழியே கொணர்ந்து மின்சாரம் பிறப்பிக்கும் ஊர் எங்களுடையது. இருந்தும் 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. மின்மைத் திரையுடைய வாசிப்புக் கருவி பெரும்பாலும் பக்கம் மாறும்போதே மின்னைச் செலவிடுவதால் ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் தாங்கும். கைத்தொலைபேசி அவ்வாறன்று. தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளுள் பலருக்குத் தமக்கென ஒரு தொலைபேசியும் இல்லை; தந்தையார் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்பொழுது அக்கருவியை நான் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அது வாசிகசாலை மேசையில் இருக்கிறது. பாடசாலை விட்டபின் ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்கின்றனர். அதிலுள்ள உரிமை காலாவதியான நூல்கள் சிலவற்றை அச்சுத்தாளில் எடுத்துத் தைத்து, இரவல் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம்.