கொத்துக்கறி எந்திரம்: கத்தியும் வில்லையும்
கோலா உருண்டைக்கான கறியை மிக்ஸியில் அடிக்கும்போது, அதன் கத்தி கறியை நறுக்குவதோடு நில்லாமல் வேகத்தால் சூடேற்றிக் கூழாக்கியும் விடுவதால், உருண்டை கடிபடும் பதத்தை இழந்துவிடுகிறது. இறைச்சி அரைக்கும் எந்திரத்திலோ, வாயில் இடப்படும் துண்டுகளைத் திருகுதண்டு, அதாவது புரிகளுடைய உருளை, மெல்ல முன்னே தள்ள, அதன் முனையில் சுழலும் நான்கிதழ்க் கத்தி, துளையிட்ட எஃகு வில்லையை ஒட்டியபடி அவற்றை வெட்டுகிறது. ஆகவே வாங்குவோர் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியவை கத்தியும் வில்லையுமே. கத்தியின் தட்டையான முகம் வில்லையோடு இடைவெளியின்றிப் படியாவிட்டால், ஆட்டுக்கறியின் சவ்வு அறுபடாமல் கத்தியில் சுற்றிக்கொள்ளும், மோட்டாரின் வலிமை அங்கே உதவாது. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் வாட் எண், பல வேளைகளில் தண்டு சிக்கி நிற்கும் கணத்தில் மோட்டார் இழுக்கும் உச்சத் திறனே என்பதால், தொடர்ந்து இயங்கும்போதுள்ள திறனைக் கேட்டறிவது நல்லது. எப்போதேனும் அரைக்கிலோ அரைக்கும் குடும்பத்துக்கு, மேசை விளிம்பில் திருகிப் பொருத்திக் கையால் சுற்றும் எந்திரமே தாராளமாகப் போதும். கோலாவுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் துளையும், வறுவலுக்கு 8 மில்லிமீட்டர் துளையும் பொருந்தும்.