பல்லுக்குத் தங்கமா, வெள்ளியா?

பல்லுக்கு நகை போடுவது புதுமையல்ல. இத்தாலியில் எட்ருஸ்கன் இனப் பெண்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே முன்பற்களில் தங்கப் பட்டை அணிந்தார்கள். 1980-களில் நியூயார்க்கில், கழற்றி மாட்டும் தங்கப் பல் உறை நாகரிகமாயிற்று. இப்போது நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது!

"வெள்ளி போதுமே சித்தி, விலை குறைச்சல்தானே?" என்றாள் என் அக்கா மகள். வேண்டாம் என்றேன். பீரோவில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழே கறுத்துப் போகிறதே! வாயில் முட்டை, வெங்காயம், பூண்டில் உள்ள கந்தகம் பட்டால் கேட்கவா வேண்டும்?

தங்கம் கறுக்காது. ஆனால் 24 காரட் மிருதுவானது, கடித்தால் நசுங்கும். நூற்றுக்கு 75 பங்கு தங்கமுள்ள 18 காரட் உறுதியாக நிற்கும். கலப்பில் நிக்கல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கவரிங் கம்மலால் காது புண்ணாகிறவர்களுக்கு ஈறும் புண்ணாகலாம். வெள்ளி நிறத்தில் பல் அடைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதன்மேல் தங்கம் பட்டால் சிலருக்குச் 'சுரீர்' என்று வலிக்கும்.

தங்கமோ வெள்ளியோ, அடியில் சோற்றுப் பருக்கை தங்கினால் பல் சொத்தைதான். பல் டாக்டரிடம் அச்செடுத்து, கழற்றக்கூடியதாகச் செய்துகொள்ளுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றிக் கழுவி வையுங்கள். கடையில் விற்கும் பசையால் ஒட்டவே கூடாது. பால் பல் விழாத குழந்தைக்கு, எவ்வளவு அடம் பிடித்தாலும் வேண்டாம். நசுங்கிய நகையை உருக்கிச் செய்யலாம். சொத்தையான பல்லை உருக்க முடியுமா?