ஆட்டு வயிற்றில் ஒரு குட்டி வைத்தியர்!



நான் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் காலையில் அழுத கண்களோடு வந்து நின்றான்.

"சார், என் முயலுக்கு முடியெல்லாம் கொட்டுது. ஆட்டுக்குப் போடுற தழையைத்தான் அதுக்கும் போட்டேன். ஆடு மட்டும் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான்.

அவன் போட்டது சூபாபுல் தழை. சவுண்டல் என்றும் சொல்வார்கள். வேலி ஓரத்தில் புளிய இலை போல சின்னச் சின்ன இலைகளோடு, தட்டையான காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்க நிற்குமே, அந்த மரம்தான்.

அவனுக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை. "அந்தத் தழையை நிறுத்திட்டு வேற புல்லு போட்டுப் பாருடா" என்று மட்டும் சொன்னேன். முயல் பிழைத்துக்கொண்டது. முடியும் மறுபடி வளர்ந்தது. ஆனால் அவனுடைய கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அதே போன்ற கேள்வியை ஒரு பெரிய விஞ்ஞானியும் கேட்டிருக்கிறார் என்று!

நல்ல மரமா, கெட்ட மரமா?

சூபாபுல்லின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. கோடையில் புல் கருகிப் போனாலும் இந்த மரம் பச்சைப் பசேலென்று நிற்கும். காய்ந்த தழையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் தழைக்குள் ஒரு நஞ்சும் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் மிமோசின். நீங்கள் தொட்டு விளையாடும் தொட்டாற்சுருங்கியிலும் இது உண்டு. மிமோசின் அதிகமானால் முடி கொட்டும். மாட்டின் வயிற்றுக்குள் இது டி.ஹெச்.பி. என்ற இன்னொரு பொருளாக மாறும். அது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியைக் கெடுத்து வீங்க வைக்கும். மாடு தீனி எடுக்காது, எச்சில் ஒழுகும், மெலிந்துபோகும்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதி நம் ஊரைப் போலவே வெயில் கொளுத்தும் இடம். அங்கே இந்தத் தழையை நிறையத் தின்ற மாடுகளுக்கு இப்படித்தான் ஆனது. நல்ல தீவனம் என்று நம்பிய விவசாயிகள் பயந்து போனார்கள்.

ஹவாய் ஆடுகளின் ரகசியம்

அங்கே டவுன்ஸ்வில் நகரில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய் தீவுகளில் ஆடுகள் இதே தழையை வயிறு முட்டத் தின்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை! அதே மரம், அதே நஞ்சு. அங்கே மட்டும் ஏன் ஆடுகள் நலமாக இருக்கின்றன?

ஜோன்ஸ் யோசித்தார். மரத்தில் வித்தியாசம் இல்லை என்றால், ஆட்டின் வயிற்றில்தான் இருக்க வேண்டும்!

ஆடு, மாடுகளின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் மிகப் பெரியது. வளர்ந்த மாட்டுக்கு அது பெரிய பீப்பாய் அளவு இருக்கும். அந்த அறையில் உள்ள நீரில் ஒரே ஒரு சொட்டு எடுத்தால், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கும். புல்லையும் வைக்கோலையும் நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுபவை இவைதாம். அவற்றில் ஏதோ ஒன்று, ஹவாயில் நஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடுகிறதோ? 1981-ஆம் ஆண்டில் ஜோன்ஸ் இந்தச் சந்தேகத்தை ஆய்விதழில் எழுதினார்.

எழுதியதோடு நிற்கவில்லை. ஹவாய் ஆடுகளின் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள கால்நடைகளின் வயிற்றுக்குள் அவற்றைச் செலுத்தினார்கள். அப்புறம் அந்தக் கால்நடைகள் சூபாபுல் தழையைத் தின்றும் நஞ்சு அவற்றைத் தாக்கவில்லை! 1986-இல் ஜோன்ஸும் அவருடன் வேலை பார்த்த மெகாரிட்டியும் இந்த வெற்றியை வெளியிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மந்தையில் சில மாடுகளுக்கு மட்டும் கொடுத்தாலே போதும். சேர்ந்து மேயும் மற்ற மாடுகளுக்கும் அந்த நுண்ணுயிரி தானாகவே பரவியது. நோய்தான் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தோம். நன்மையும் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்!

பிறகு அமெரிக்காவில் மில்டன் அல்லிசன் குழுவினர் அந்த நுண்ணுயிரியைத் தனியே பிரித்து ஆராய்ந்தனர். 1992-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: 'சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை'. பெயருக்குள் ஜோன்ஸ் ஒளிந்திருக்கிறார், பார்த்தீர்களா?

ஆராய்ச்சி அத்தோடு முடியவில்லை. மாட்டின் கல்லீரலும் இந்த நஞ்சின் வீரியத்தைக் குறைக்க உதவுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

முயலுக்கு என்ன ஆனது?

இப்போது என் மாணவனுடைய கேள்விக்கு வருவோம். முயல் அசைபோடும் பிராணி இல்லை. ஆட்டுக்கு இருப்பது போன்ற முதல் அறை அதற்குக் கிடையாது. அந்தக் குட்டி வைத்தியர் தங்குவதற்கு அங்கே வீடே இல்லை! குதிரைக்கும் கழுதைக்கும் இதே கதைதான். அவற்றுக்கும் இந்தத் தழை ஆகாது.

உங்கள் வீட்டில் ஆடு, மாடு இருக்கிறதா? சூபாபுல் தழையை மட்டுமே போட வேண்டாம். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், புல்லோடு கலந்து போடச் சொல்லுங்கள். முடி கொட்டினாலோ, கழுத்து வீங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்புப் பையன் கேட்டதும், விஞ்ஞானி கேட்டதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: "தழை ஒன்றுதானே, அங்கே மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?" உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் இப்படி ஒரு கேள்வி காத்திருக்கலாம். நாளைக் காலையில் ஆட்டுக்குத் தழை போடும்போது, கொஞ்ச நேரம் நின்று பாருங்களேன்!