பிறந்த குழந்தைக்கு ஏன் இத்தனை விக்கல்?

பால் குடித்து முடித்ததும் பச்சிளங்குழந்தைக்கு விக்கல் எடுக்கத் தொடங்கும். பதற்றமெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்குத்தான். குழந்தை பல நேரம் விக்கிக்கொண்டே தூங்கிவிடும்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை திடீரெனச் சுருங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. சுமார் 35 மில்லிநொடியில் குரல்வளையின் வாசல் அடைத்துக்கொள்ள, அந்தச் சத்தம் பிறக்கிறது. இந்தத் தசையைக் கிளறிவிடுவது பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும் வயிறு. குழந்தை அவசரமாகக் குடித்தாலும், அழுது ஓய்ந்து குடித்தாலும், மார்பைச் சரியாகக் கவ்வாமல் குடித்தாலும் பாலோடு காற்றும் இறங்கி வயிறு உப்புகிறது. புட்டிப்பால் வேகமாகக் கொட்டினாலும் இதேதான். உணவுக்குழாயின் அடிவாய் இன்னும் இறுகாத வயது என்பதால் பால் எதுக்களித்து வருவதும் விக்கலைத் தூண்டலாம்.

ஆனால் பாலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வாய்ப் பால்கூடக் குடிக்காத கருவும் சுமார் ஒன்பதாவது வாரத்திலிருந்தே விக்குகிறது! லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிம்பர்லி வைட்ஹெட் குழுவினர் 13 பச்சிளங்குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொரு விக்கலுக்கும் மூளையில் அடுத்தடுத்து மூன்று அலைகள் எழுந்தன. மூன்றாவது, ஓசை கேட்கும்போது எழும் அலையை ஒத்திருந்தது. மூச்சுத்தசைகளை ஆளக் குழந்தையின் மூளை இப்படிப் பழகிக்கொள்கிறதோ என்பது அவர்களின் கருத்து. குறைமாதக் குழந்தைகள் நாளில் ஏறக்குறைய 15 நிமிடம் விக்குவதும் இதனோடு பொருந்துகிறது.

நம் வீடுகளில் நூலை நனைத்து உச்சியில் ஒட்டுவார்கள். அதனால் கெடுதல் இல்லை. விக்கல் தானாகவே அடங்கும், பெயர் நூலுக்குப் போகும். தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டுவதுதான் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும். தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை அடைத்துப் பாலைக் குறைத்துவிடும். சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். பசித்து வீறிட்டு அழுவதற்கு முன்பே பால் கொடுப்பது, இடையில் நிறுத்தித் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பது, குடித்தபின் சற்று நேரம் நிமிர்த்திப் பிடித்திருப்பது ஆகியவை உதவும்.

விக்கலோடு குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, மூச்சுவிடத் திணறினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.