மாப்பிள்ளை முகம் எங்கே போச்சு?

திண்டிவனத்தில் இருக்கும் என் சித்தி பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீடு விழுப்புரம். நானும் விழுப்புரம் என்பதால், போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு என் தலையில்! கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் பெண்ணின் அப்பா போன் செய்தார்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி... பையனுக்கு உடம்பு கிடம்பு ஏதாவது...?”

தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஆள் நல்ல வாட்டசாட்டம். சித்தியிடம் இருந்த இன்னொரு காப்பியைப் பார்த்தால், டைபாய்டில் ஒரு மாசம் படுத்து எழுந்த ஆசாமி! சம்பந்தம் கை நழுவுகிறதே என்று சித்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

படம் எடுத்த ஸ்டூடியோவுக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆபரேட்டர் பையன் பெருமையாகச் சொன்னான்: “மூஞ்சி ரொம்ப அகலமா இருந்துச்சுண்ணா. நான்தான் அகலத்த எழுவத்தஞ்சு பர்சென்ட்டுக்கு அமுக்கி அழகாக்கினேன்.”

கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். வால்பேப்பரில் இருந்த முருகனே பிள்ளையார் மாதிரி இருந்தார்!

“ஸ்க்ரீன்ல ஏதாவது மாத்தினீங்களா?”

“எழுத்து பொடியா இருக்குன்னு மொதலாளி ரெசல்யூஷனைக் கொறைக்கச் சொன்னாருண்ணா.”

அகப்பட்டது திருடன். நான் வெறும் பி.காம்.தான், ஆனால் விகிதாசாரம் போடத் தெரியும். அந்த மானிட்டர் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட அகலத் திரை. பையன் வைத்திருந்தது 1024-க்கு 768. பழைய டப்பா மானிட்டரின் சதுர வாட்ட அளவு. அதை அகலத் திரை முழுக்க இழுத்துப் போர்த்தினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். பையன் 75-க்கு அமுக்கினதும் திரையில் சரியாகிவிட்டது. பிரிண்ட்டில்? கால் பங்கு முகம் அவுட்! படத்தில் கோளாறே இல்லை. திரைதான் பொய் சொல்லியிருக்கிறது.

சந்தேகம் வந்தால் ஒரு சின்ன சோதனை. போட்டோஷாப்பில் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் போடுங்கள். முட்டையாகத் தெரிந்தால் குற்றவாளி மானிட்டர்.

வைத்தியமும் சுலபம். டெஸ்க்டாப்பில் ரைட் க்ளிக், டிஸ்பிளே செட்டிங்ஸ். ரெசல்யூஷனில் ‘ரெகமண்டட்’ என்று எழுதியிருப்பதையே வையுங்கள். எழுத்து பெரிதாக வேண்டுமா? அதற்கு ‘ஸ்கேல்’ என்று தனியாக இருக்கிறது, 125 ஆக்குங்கள். 2012-ல் வந்த சி.எஸ்.6 போன்ற பழைய போட்டோஷாப் இதற்கு மசியாது, மெனு பொடியாகவே நிற்கும். அதன் ஐகானில் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய், டி.பி.ஐ. செட்டிங்கில் ‘சிஸ்டம்’ என்று கொடுத்தால் பெரிதாகும். கூடவே படமும் கொஞ்சம் மசமசக்கும். என்னைக் கேட்டால், முதலாளி கண்ணாடியை மாற்றுவது உத்தமம்.

ரெசல்யூஷன் மாற்றியதும் டூல் பாக்ஸைக் காணோமா? முதலில் டேப் கீயைத் தட்டிப் பாருங்கள். வராவிட்டால் விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் போய் ரீசெட். ஓ.கே. பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொண்டால் என்டர் போதும். படமே கறுப்பாகித் துடித்தால், ப்ரிபரன்ஸில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்துவிட்டு, மூடித் திறங்கள்.

வேடிக்கை என்னவென்றால், போட்டோஷாப் பிறந்ததே திரைத் தகராறில்தான். 1987-ல் மிஷிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் நால், கறுப்பு வெள்ளைப் புள்ளி மட்டுமே தெரியும் தன் மெக்கின்டாஷில் சாம்பல் நிறத்தைக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். வைத்த பெயர் ‘டிஸ்பிளே’. தம்பி ஜானும் சேர்ந்துகொள்ள, அதுவே வளர்ந்து 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனியின் போட்டோஷாப்பாக வெளிவந்தது.

பையன் அமுக்காத பழைய ஃபைலை எடுத்து, காசு வாங்காமல் புது பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். அன்று சாயங்காலமே விழுப்புரம் திரும்பி, பெண் வீட்டில் கொடுத்தேன். பெண்ணின் அப்பா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“மூணே நாள்ல இவ்ளோ தேறிட்டாரே தம்பி... எந்த டாக்டரு?”